எல்லா டெஸ்ட்டும் நார்மல், உடம்பு மட்டும் எழவில்லை: டர்பனில் வீட்டிலேயே செய்துகொண்ட தூக்கப் பரிசோதனை

தூக்கத்தில் மூச்சு தடைப்படுகிறதா என்று பார்க்க, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் தூக்கப் பரிசோதனைக் கருவியையும், அதைக் கொடுத்த நிலையத்தின் சேவையையும் பற்றி எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பரிசோதனைக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன், அதற்குப் பிறகு வந்த அறிக்கைக்கும் அவர்கள் கவனித்த விதத்துக்கும் இரண்டரைக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை. ஆனாலும் ஐம்பதை ஒட்டிய வயதில், காரணம் தெரியாத களைப்போடும் ஏறிக்கொண்டே போகும் எடையோடும், எல்லா வரியிலும் நார்மல் என்று அச்சடித்த லேப் ரிப்போர்ட்டோடும் இருக்கும் பெண்கள் இதை அவசியம் யோசிக்க வேண்டும்.

எனக்கு வயது 51. கும்பகோணம் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்து, இத்தனை வருடமும் டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில்தான். இரண்டு வருடத்தில் ஒன்பது கிலோ ஏறியது. சாப்பாடு மாறவில்லை. அதே சோறு, பருப்பு, பங்களாதேஷ் மார்க்கெட்டில் வாங்கும் கீரை, எப்போதாவது ஒரு பிரியாணி. புரட்டாசி மாதம் முழுவதும் கவுச்சி தொடாமல் இருப்பதில் நம் ஆட்கள் இங்கே எவ்வளவு கண்டிப்பு என்று இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும், அந்த மாதத்தில் வழக்கமாக எனக்கு இரண்டு கிலோவாவது குறையும், போன வருடம் அரைக் கிலோகூட இறங்கவில்லை. எடையையாவது பொறுத்துக்கொள்ளலாம், களைப்பைத்தான் தாங்க முடியவில்லை. எட்டு மணி நேரம் படுத்து எழுந்தாலும் தூங்கின மாதிரியே இருக்காது, காலையில் நெற்றி முழுக்க மந்தமாக ஒரு வலி இருந்து பத்து மணிக்கு மேல் தானாகப் போய்விடும், மதியம் ஹிக்கின்சன் ஹைவேயில் கார் ஓட்டும்போது கண் சொருகும். தைப்பூசத்தன்று காவடிக்குப் பின்னால் வெறுங்காலில் முழுத் தூரமும் நடக்கிறவள் நான், இந்தத் தடவை பாதி வழியில் யாரோ ஒருவர் வீட்டு வாசல்படியில் உட்கார வேண்டியதாகிவிட்டது.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 12.8. தைராய்டுக்கான டிஎஸ்எச் 2.1, பெரும்பாலான லேப்களில் சுமார் 0.4 முதல் 4 வரை நார்மல். மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 5.5, அது 5.7ஐத் தொட்டால்தான் சர்க்கரைக்கு முந்தைய நிலை என்பார்கள். கல்லீரல், சிறுநீரகம், கொழுப்பு எல்லாம் சரி. இதை வைத்துக்கொண்டு நான் கேட்ட பதில்கள்: வயசாகிறது, ஸ்ட்ரெஸ், மெனோபாஸ், கொஞ்சம் நடங்கள், ராத்திரி சோற்றைக் குறையுங்கள்.

இதில் "வயசானால் மெட்டபாலிசம் குறைந்துவிடும்" என்பதை மட்டும் விட முடியாது, ஏனென்றால் அதைச் சொல்லித்தான் நம்மைத் திருப்பி அனுப்புகிறார்கள். 2021-ல் சயன்ஸ் இதழில் ஹெர்மன் பான்ட்சரும் மற்றவர்களும் 6,400 பேருக்கு மேல் அளந்து வெளியிட்ட ஆய்வில், உடம்பின் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டு பார்த்தால் 20 வயதிலிருந்து 60 வரை நாம் எரிக்கும் சக்தி ஏறக்குறைய ஒரே மட்டத்தில்தான் இருக்கிறது, 60-க்கு மேல்தான் மெல்ல இறங்குகிறது. அப்படியென்றால் 49 வயதில் ஒருத்திக்குத் திடீரென்று எடை ஏறினால், வேறு ஏதோ மாறியிருக்கிறது என்றுதான் தேட வேண்டும். தூக்கம், தசை, மாத்திரை, மனச்சோர்வு, நடமாட்டம் எதுவாகவும் இருக்கலாம், ஆனால் யாராவது உட்கார்ந்து கேட்க வேண்டும்.

கேட்டவர் நான் கடைசியாகப் போன ஃபிசிஷியன். அவர் முதலில் பார்த்தது லேப் பேப்பரில் இல்லாததை. ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே உடம்பின் இரும்புச் சேமிப்பு தீர்ந்துபோயிருக்கலாம், அதைக் காட்டும் ஃபெரிட்டின் என் ரிப்போர்ட்டில் இல்லவே இல்லை. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு 15-க்குக் கீழே போனால் குறைவு என்கிறது, பல மருத்துவர்கள் 30-க்குக் கீழே வந்தாலே கவனிக்கிறார்கள், உடம்பில் வீக்கமோ தொற்றோ இருந்தால் இந்த எண் பொய்யாக ஏறியும் நிற்கும். எனக்கு 41, பரவாயில்லை. பி12 பார்த்தார், அதுவும் சரி. சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரையை வருடக்கணக்காகச் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறையும், டர்பனில் நம் வீடுகளில் மெட்ஃபார்மின் இல்லாத அலமாரி ஏது, ஆகவே அவர்கள் இதைக் கேட்டு வாங்கிச் செய்துகொள்ள வேண்டும். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை எடுக்கிறேனா என்றும் கேட்டார், அது தைராய்டு டெஸ்ட்டின் எண்களையே தப்பாகக் காட்ட வைக்கும், அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017-லேயே இதை எச்சரித்திருக்கிறது. பிறகு நான் சாப்பிடும் ஒவ்வொரு மாத்திரையின் பெயரையும் எழுதிக்கொண்டார். அலர்ஜி மாத்திரை, நரம்பு வலிக்கோ தூக்கத்துக்கோ கொடுக்கும் அமிட்ரிப்டிலின், சில ரத்த அழுத்த மாத்திரைகள் இவையெல்லாம் களைப்பையோ எடையையோ கொண்டுவரக் கூடியவை. ஹார்மோன் டெஸ்ட் எழுதித் தரவில்லை. 45-க்கு மேல் மாதவிலக்கு தள்ளிப் போவதையும் உடம்பில் சூடு பறப்பதையும் வைத்தே மெனோபாஸ் கட்டத்தைச் சொல்லிவிடலாம், அந்த வயதில் ஹார்மோன் அளவு ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதால் ஒரு நாள் ரத்தம் எடுத்துப் பார்த்து ஒன்றும் தெரியாது என்றார்.

அப்புறம்தான் தூக்கத்துக்கு வந்தார். குறட்டை விடுவீர்களா என்று கேட்டால் எந்தப் பெண்ணும் இல்லை என்றுதான் சொல்வாள், எப்படித் தெரியும்? ஆனால் ஜூலை விடுமுறையில் என் மகள் என்னோடு ஒரே அறையில் படுத்திருந்தபோது சொன்னது ஞாபகம் வந்தது. "அம்மா, நீங்க தூக்கத்துல மூச்சே விடாம கொஞ்ச நேரம் கிடந்துட்டு, திடீர்னு இழுத்து விடுறீங்க. எனக்குப் பயமா இருந்துச்சு." இதைச் சொன்னதும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எப்வொர்த் கேள்வித்தாளை எடுத்தார். டிவி பார்க்கும்போது, பஸ்ஸில் போகும்போது, மதியம் சாப்பிட்டுவிட்டு சும்மா உட்கார்ந்திருக்கும்போது கண் அசரும் வாய்ப்பு எவ்வளவு என்று எட்டுக் கேள்விகள், மொத்தம் 24-க்கு மதிப்பெண், 10-க்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். எனக்கு 14.

தூக்கத்தில் மூச்சு அடிக்கடி தடைப்படும் நோய்க்கு (ஸ்லீப் ஆப்னியா) வாய்ப்பு உண்டா என்று பார்க்க ஸ்டாப்-பேங் என்று இன்னொரு கேள்வித்தாள் உண்டு, எல்லா இடத்திலும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள், அதைப் பற்றி எனக்கு வருத்தம் இருக்கிறது. அதில் ஆணாக இருந்தால் ஒரு மதிப்பெண், உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பிஎம்ஐ 35-க்கு மேல் இருந்தால் ஒரு மதிப்பெண். நம் ஆசிய உடம்புகளுக்கு 23-லிருந்தே ஆபத்து ஏறுகிறது, 27.5-ல் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-லேயே சொல்லியிருக்கும்போது, பிஎம்ஐ 29-ல் இருக்கும் ஒரு தமிழ்ப் பெண் இந்தத் தாளில் இரண்டு மதிப்பெண்ணைத் தொடக்கத்திலேயே இழக்கிறாள். பெண்களுக்கு இந்த நோய் பலமான குறட்டையாக வராமல் களைப்பு, காலைத் தலைவலி, நடு இரவு விழிப்பு, எரிச்சல் என்று வருவதும் அதிகம், அதனால்தான் ஸ்ட்ரெஸ் என்று முடித்துவிடுகிறார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சினில் 30 முதல் 60 வயதுக்காரர்களைத் தூங்க வைத்துப் பார்த்து 1993-ல் வெளியிட்ட ஆய்வில், பெண்களில் 9 சதவீதம் பேருக்கும் ஆண்களில் 24 சதவீதம் பேருக்கும் மணிக்கு ஐந்து தடவைக்குக் குறையாமல் மூச்சு தடைப்பட்டது. அதே குழு 1997-ல் போட்ட கணக்கில், நடுத்தர அளவிலும் அதற்கு மேலும் இந்த நோய் இருந்த பெண்களில் 93 சதவீதம் பேருக்கு அது கண்டுபிடிக்கப்படவே இல்லை. மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கு ஆபத்து இன்னும் கூடுகிறது, மூச்சைத் தூண்டிவிடும் புரோஜெஸ்டிரோன் குறைவது அதற்கு ஒரு காரணம்.

சரி, சேவைக்கு வருகிறேன். உம்லாங்கா பக்கம் ஒரு சிறிய நிலையம். போனில் கேட்டதும் அந்த வாரத்திலேயே நேரம் கிடைத்தது, மருத்துவரின் கடிதம் கட்டாயம். கருவியைக் கொடுத்துச் சொல்லித் தந்த பெண் டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதிக்காரி, ஆண்ட்டி ஆண்ட்டி என்று அவ்வளவு பொறுமையாக ஒவ்வொன்றையும் என் கையாலேயே மாட்ட வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினாள், நாலரை மதிப்பெண்ணில் பாதி அவளுக்குத்தான். கருவி என்பது உள்ளங்கை அளவு ஒரு பெட்டி, அதை நெஞ்சில் கட்டிக்கொள்ள ஒரு பெல்ட், மூக்கில் ஆக்ஸிஜன் வைப்பதுபோல ஒரு மெல்லிய குழாய், விரலில் ஒரு கிளிப். காற்று போய் வருகிறதா, நெஞ்சு மூச்சுக்கு முயற்சி செய்கிறதா, ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு, எந்தப் பக்கம் படுத்திருக்கிறோம், இவ்வளவையும் அது பதிவு செய்கிறது. நகப்பூச்சு இருந்தால் அழித்துவிட்டுப் போங்கள், கிளிப் சரியாகப் படிக்காது. கறுத்த தோலில் இந்தக் கிளிப்புகள் ஆக்ஸிஜனைக் கூட்டிக் காட்டும் என்று 2020-ல் கோவிட் நேரத்தில் வந்த ஆய்வு ஒன்றைப் படித்திருந்தேன், அதைக் கேட்டேன். காற்றோட்டத்தையும் தனியாக எண்ணுகிறோம் ஆண்ட்டி, கிளிப்பை மட்டும் நம்புவதில்லை என்றாள். கேள்வியைத் தட்டிக் கழிக்காதது எனக்குப் பிடித்திருந்தது.

ராத்திரி ஒன்றும் கஷ்டமில்லை. மூக்குக் குழாய் கன்னத்தில் நகர்ந்துவிடும், அதற்கு அவள் கொடுத்த பிளாஸ்டரை ஒட்டிக்கொண்டால் போதும். சொந்தக் கட்டிலில், சொந்தத் தலையணையில், நாம் எப்படித் தூங்குவோமோ அப்படியே தூங்கலாம் என்பதுதான் இதன் பெரிய பலம். மருத்துவமனையில் தலை முழுக்க ஒயர் ஒட்டிச் செய்யும் முழுப் பரிசோதனைக்குச் செலவும் அதிகம், காத்திருப்பும் அதிகம்.

ஒரு குறையைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள். வீட்டுக் கருவி மூளை அலையைப் பார்ப்பதில்லை, ஆகவே நாம் எப்போது உண்மையில் தூங்கினோம் என்று அதற்குத் தெரியாது. மூச்சுத் தடைகளைப் பதிவு ஓடிய மொத்த நேரத்தால் வகுக்கிறது. இரண்டு மணி நேரம் விழித்துப் புரண்டிருந்தால் அந்த நேரமும் கணக்கில் சேர்ந்து, மணிக்கு எத்தனை என்ற எண் குறைவாக வந்துவிடும். பெண்களுக்குக் கனவுத் தூக்கத்தில் மட்டும் மூச்சுத் தடை கூடுவதும் உண்டு, அதுவும் சராசரியில் மறைந்துபோகும். அறிகுறி பலமாக இருந்து வீட்டுப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தால் விட்டுவிடாமல் லேபில் முழுப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியின் 2017 வழிகாட்டுதலே சொல்கிறது.

என் எண் மணிக்கு 19. பத்து விநாடியாவது மூச்சு நிற்பதும் பெருமளவு குறைவதும் சேர்த்து. 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. ஏழு மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் 130 தடவைக்கு மேல் யாரோ என்னை உலுக்கி எழுப்பியிருக்கிறார்கள், எனக்கு ஒரு தடவைகூட நினைவில்லை. மல்லாந்து படுத்தபோது மட்டும் எடுத்தால் மணிக்கு 34. ஆக்ஸிஜன் 81 சதவீதம் வரை இறங்கியிருக்கிறது. இதில் எந்த ஒன்றும் பகலில் எடுக்கும் ரத்தத்தில் தெரியாது, எத்தனை லேபுக்குப் போனாலும் நார்மல் என்றுதான் வந்திருக்கும்.

இப்போது குறை. இந்த அறிக்கை ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மின்னஞ்சலில் வந்தது, நாலு பக்கம், முழுக்கச் சுருக்கெழுத்தும் கட்டமும் கோடும், விளக்கம் ஒரு வரி இல்லை. ஆக்ஸிஜன் 81 என்று படித்துவிட்டு ஒருத்தி சனி ஞாயிறு எப்படித் தூங்குவாள்? போன் செய்தால் திங்கட்கிழமை வரை எடுப்பார் இல்லை. ஆனால் அதே மின்னஞ்சலோடு இந்த நோய்க்குத் தூங்கும்போது மாட்டிக்கொள்ளும் ஒரு மெஷினுக்கான விலைப்பட்டியல் மட்டும் தவறாமல் இணைத்திருந்தார்கள். பரிசோதிக்கிறவரே மெஷினையும் விற்கிறார் என்றால் அதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும், முடிவை விளக்க ஒரு மருத்துவர் பத்து நிமிடம் பேசிய பிறகுதான் விலை வர வேண்டும். அந்த ஃபீனிக்ஸ் பெண்ணின் பொறுமையில் கால் பங்கு அலுவலகத்தில் இருந்திருந்தால் முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன். கருவிக்குக் கட்டிய முன்பணம் திரும்பி வரவும் இரண்டு தடவை நினைவூட்ட வேண்டியிருந்தது.

மெஷின் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பரிசோதனை மட்டும் செய்துவிட்டு நிறுத்தினால் பயனில்லை. காற்றை லேசான அழுத்தத்தில் செலுத்தித் தொண்டை மூடிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் சிபாப், சிட்னியில் காலின் சல்லிவன் கண்டுபிடித்து 1981-ல் வெளியிட்டது. நான் ஃபிசிஷியனிடம் அறிக்கையைக் காட்டி, வேறு இடத்தில் ரெஸ்மெட் ஏர்சென்ஸ் 11 என்ற சிபாப் மெஷினை வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன். முதலில் கொடுத்த முழு முக மாஸ்க் எனக்கு ஒத்துவரவில்லை, கண் பக்கம் காற்று கசிந்தது, மூக்குத் துவாரத்தில் மட்டும் பொருந்தும் சின்ன மாஸ்க்குக்கு மாறியதும் சரியாகிவிட்டது. மாஸ்க் ஒத்துவராததால் மெஷினையே தூக்கிப் பரணில் போட்டவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள், தயவுசெய்து மாஸ்க்கை மாற்றிக் கேளுங்கள்.

தலைவலி முதலில் போனது. பிறகு ஹைவே தூக்கம். களைப்பு தீர இன்னும் சில வாரம் பிடித்தது, ஆனால் தீர்ந்தது, அதை எழுதும்போதே எனக்குத் தொண்டை அடைக்கிறது.

எடை தானாகக் குறையவில்லை. இதில் யாரும் ஏமாற வேண்டாம். சிபாப் போட்டவர்களுக்குச் சராசரியாக எடை கொஞ்சம் கூடத்தான் செய்கிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2015 அலசல் சொல்கிறது. ஆனால் தூக்கம் கெட்டால் பசி ஏறும் என்பது உண்மை. சிகாகோவில் 12 இளைஞர்களை இரண்டு இரவு நாலு மணி நேரம் மட்டும் படுக்க விட்டபோது பசியைத் தூண்டும் கிரெலின் 28 சதவீதம் கூடி, போதும் என்று சொல்லும் லெப்டின் 18 சதவீதம் குறைந்தது, 2004-ல் வந்த ஆய்வு. எனக்கு நடந்தது என்னவென்றால், நடக்கத் தெம்பு வந்தது, சாயங்காலம் பிஸ்கட் டப்பாவைத் தேடும் பசி அடங்கியது, மூன்று கிலோ இறங்கியிருக்கிறது. எடையும் மூச்சுத் தடையும் ஒன்றையொன்று இழுக்கும். எடை 10 சதவீதம் ஏறினால் மூச்சுத் தடை எண் சுமார் 32 சதவீதம் ஏறும், 10 சதவீதம் குறைந்தால் 26 சதவீதம் குறையும் என்று அதே விஸ்கான்சின் குழு 2000-ல் கணக்கிட்டது.

பணம். தைராய்டு சுரப்புக் குறைவு தென்னாப்பிரிக்காவில் மெடிக்கல் எய்டு என்னும் மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்கள் கட்டாயம் ஏற்க வேண்டிய நாட்பட்ட நோய்ப் பட்டியலில் இருக்கிறது, தூக்க மூச்சுத் தடை அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே ஒவ்வொரு திட்டமும் ஒவ்வொரு விதமாகத்தான் கொடுக்கும். என் திட்டம் பரிசோதனையை முழுக்க ஏற்றது, மெஷினுக்கு ஒரு பகுதிதான் கொடுத்தது, அதுவும் முன் அனுமதி வாங்கியிருந்ததால். முதலில் அனுமதி எண், பிறகு பரிசோதனை.

கரண்ட் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். 2024 மார்ச் கடைசியிலிருந்து லோட்ஷெடிங் பெரும்பாலும் நின்றிருக்கிறது, ஆனால் எங்கள் பக்கம் கேபிள் கோளாறு என்று இரவு முழுக்கப் போவது இன்னும் உண்டு. சின்ன லித்தியம் பேட்டரி ஒன்று வைத்திருக்கிறோம். ஈரப்பதம் கொடுக்கும் ஹீட்டரை அணைத்துவிட்டால் பேட்டரி வெகு நேரம் தாங்கும், டர்பன் புழுக்கத்தில் அது இல்லாமலும் ஓட்டலாம். இந்த மெஷின் 24 வோல்ட்டில் ஓடுவது, கார் பேட்டரியில் நேராகச் சொருகாதீர்கள், அதற்கென்று மாற்றி இருக்கிறது.

பழைய மெஷின் மலிவாக வருகிறது என்று யாராவது சொன்னால் மாடல் பெயரையும் வரிசை எண்ணையும் முதலில் கேளுங்கள். பிலிப்ஸ் ரெஸ்பிரானிக்ஸ் 2021 ஜூனில் ட்ரீம்ஸ்டேஷன் முதலான லட்சக்கணக்கான மெஷின்களை, உள்ளே இருக்கும் ஃபோம் உதிர்ந்து மூச்சில் போகக்கூடும் என்று திரும்பப் பெற்றது, அப்படிப்பட்ட மெஷின்கள் இன்னமும் கை மாறிக்கொண்டிருக்கலாம். பரிசோதனைக்குப் பதிவு செய்யும்போது மூன்று கேள்வி: அறிக்கையை எந்த மருத்துவர் படித்துக் கையெழுத்திடுகிறார், முடிவை யார் எனக்கு விளக்குவார், வெள்ளிக்கிழமை அனுப்பினால் சனிக்கிழமை போன் எடுப்பீர்களா.